குளிர்பெட்டியில் யாருக்கு இடம்?

கோடை தொடங்கிவிட்டால் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து திருமுல்லைவாயல் வழியாக ஆவடி வரை சி.டி.எச். சாலையின் இருபுறமும் உள்ள பெட்டிக்கடைகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கடை முகப்பில் கண்ணாடிக் கதவு போட்ட ஆளுயரக் குளிர்பெட்டி. உள்ளே விளக்கொளியில் பெருநிறுவனங்களின் பானங்கள் வரிசையாக நிற்கும். வெளியே, தண்ணீர் கேன்களுக்கும் வாழைத்தாருக்கும் நடுவே, பிரிக்கப்படாத கட்டாகப் பவண்டோ தரையில் கிடக்கும். சில நாள்களுக்கு முன் அப்படியொரு கடையில் நான் நின்றிருந்தபோது, தொழிற்பேட்டைச் சீருடையில் வந்த இளைஞர் ஒருவர் பவண்டோ கேட்டார். "கூலிங் இல்ல தம்பி, பரவாயில்லையா?" என்றார் கடைக்காரர். இளைஞர் ஒரு கணம் யோசித்துவிட்டு, குளிர்பெட்டியைத் திறந்து வேறொரு பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

பொருளாதாரப் பாடநூல்கள் இதை நுகர்வோர் விருப்பம் என்று எழுதும். நானும் பல ஆண்டுகள் வகுப்பறையில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால், அந்த இளைஞரின் விருப்பம் பவண்டோவாகத்தான் இருந்தது. கடைக்காரரிடம் பேச்சுக்கொடுத்தேன். "ஃபிரிட்ஜ் கம்பெனியோடது சார். வாரா வாரம் ஆள் வந்து பார்ப்பாங்க. வேற சரக்கு உள்ள இருந்தா எடுத்து வெளிய வெச்சிடுவாங்க. ரெண்டு, மூணு தடவை ஆச்சுன்னா ஃபிரிட்ஜே போயிடும்" என்றார். சொந்தமாகக் குளிர்பெட்டி வாங்க அவருக்கு வசதியில்லை. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கோடையில் அவருக்கு வியாபாரமும் இல்லை. எனவே, அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

கோலா பானங்களைப் பற்றிய நம் பொது விவாதம் பல ஆண்டுகளாக இரண்டு கேள்விகளையே சுற்றி வருகிறது. அது நம் நாட்டுத் தயாரிப்பா? அது இயற்கையானதா? இரண்டும் கேட்கத்தக்க கேள்விகளே. ஆனால், ஒரு பானம் சந்தையில் நிற்பதையும் விழுவதையும் தீர்மானிப்பவை வேறு இரண்டு: குளிர்பெட்டி யாருடையது, வரி எதன்மீது விதிக்கப்படுகிறது என்பவை. பவண்டோ கடந்துவந்த பாதையைப் பார்த்தால் இது விளங்கும்.

பவண்டோவைத் தயாரிக்கும் காளிமார்க் நிறுவனம் 1916இல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே.பழனியப்ப நாடாரால் தொடங்கப்பட்டது. சோடாவும் 'கலரு'ம் செய்யும் சிறு தொழிலாகத்தான் அதன் தொடக்கம். கலர் என்ற சொல் இன்றைய இளைஞர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பையனைக் கடைக்கு அனுப்பிக் 'கலர்' வாங்கிவரச் சொல்வது அன்றைய மரியாதை. ஆரஞ்சா, திராட்சையா, எலுமிச்சையா என்பது இரண்டாம்பட்சம். அந்த மரபிலிருந்துதான் 1950களின் இறுதியில் திராட்சைச் சுவையோடு கூடிய கோலாவாகப் பவண்டோ வந்தது. அமெரிக்கக் கோலாவின் நிறமும் நம் ஊர்க் கலரின் பழச்சுவையும் சேர்ந்த ஒரு கலப்பு அது. பெயரைக் கேட்டு இத்தாலியத் தயாரிப்பு என்று நினைத்தவர்களும் உண்டு.

குளிர்பானத் தொழிலின் அடிப்படைக் கணக்கு எளிமையானது. பாட்டிலில் இருப்பதில் சுமார் தொண்ணூறு விழுக்காடு தண்ணீர். எடை அதிகம், மதிப்பு குறைவு. ஆகவே, நெடுந்தூரம் ஏற்றிச்சென்று விற்பது கட்டுப்படியாகாது. ஆலை சந்தைக்கு அருகில் இருந்தாக வேண்டும். பூந்தமல்லியை அடுத்த நேமத்தில் கோகோ கோலாவின் ஆலை அமைந்ததற்கும், நெல்லைக்குப் பக்கத்தில் கங்கைகொண்டான் சிப்காட்டில் பானத் தொழிற்சாலைகள் வந்ததற்கும் நகரம், நெடுஞ்சாலை, தண்ணீர் மூன்றும் ஒருசேரக் கிடைத்தது ஒரு காரணம். கண்ணாடி பாட்டில் காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாக இருந்தது. விற்ற பாட்டில் திரும்பி வந்தாக வேண்டும்; 'காலி பாட்டில்' கொடுத்தால்தான் புதியது. எவ்வளவு பாட்டில் கையிருப்பு உண்டோ அவ்வளவுதான் வியாபாரம். வட்டாரத் தொழில்முனைவோருக்கு இந்தத் தூரமும் எடையுமே ஓர் அரணாக இருந்தன. மாவட்டத்துக்கு ஒரு சோடா கம்பெனி தழைத்தது இதனால்தான்.

தேசிய அளவில் கதை வேறு விதமாக நடந்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அந்நிய நிறுவனங்கள் இந்தியக் கிளைகளில் தம் பங்கை 40 விழுக்காடாகக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஜனதா அரசின் தொழில்துறை அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் இதை வலியுறுத்த, தன் சூத்திரத்தின் ரகசியத்தைக் கைவிட விரும்பாத கோகோ கோலா 1977இல் வெளியேறியது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் சூத்திரம் வகுத்துக்கொடுக்க, பொதுத்துறை நிறுவனமான மாடர்ன் ஃபுட் இண்டஸ்ட்ரீஸ் 'டபுள் செவன்' என்ற கோலாவை வெளியிட்டது. அரசாங்கம் கோலா விற்ற விந்தை அது, நீடிக்கவில்லை. வெற்றிடத்தை நிரப்பியவர்கள் இருவர். பார்லே சகோதரர்களின் தம்ஸ் அப். அதுவரை கோகோ கோலாவுக்குப் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்த பியூர் டிரிங்க்ஸ் குழுமத்தின் கேம்பா கோலா.

1990இல் 'லெஹர் பெப்சி' வந்தது. 1993இல் கோகோ கோலா ஆக்ராவில் மறுபிரவேசம் செய்தது. வந்த கையோடு தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட், சிட்ரா, மாசா ஆகிய பார்லே பெயர்களைச் சுமார் 6 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அந்தப் பேரத்தில் அந்நிறுவனத்துக்கு உடனடியாகக் கிடைத்தவை பாட்டில் நிரப்பும் ஆலைகளின் வலைப்பின்னலும் கடைகளின் தொடர்பும். கோல்டு ஸ்பாட் பின்னர் சந்தையிலிருந்து மறைந்தது. தம்ஸ் அப்பை மட்டும் அழிக்க முடியவில்லை. 2021இல் அதன் ஆண்டு விற்பனை நூறு கோடி டாலரைத் தாண்டியதாக அந்நிறுவனமே அறிவித்தது. சுவைக்கு வலிமையே இல்லை என்று நான் வாதிடமாட்டேன். தம்ஸ் அப்பின் சுவைக்கு வலிமை உண்டு. ஆனால், அதே வலிமை ஒரு பெருநிறுவனத்தின் வண்டியிலும் பெட்டியிலும் ஏறிய பிறகுதான் நூறு கோடியானது.

காளிமார்க் தன் பெயரை விற்கவில்லை. குடும்ப நிறுவனமாகவே நின்றது. 1990களில் அதன் சரக்கு நகரத்துக் கடைகளிலிருந்து மெல்ல மெல்ல மறைந்ததை என் தலைமுறையினர் நேரில் கண்டிருக்கிறோம். தொலைக்காட்சி விளம்பரத்தைச் சமாளிக்க முடியாமல் போனது ஒரு காரணம் என்பார்கள். அதைவிட முக்கியமானது, கடைக்குக் கடை இலவசமாக இறங்கிய குளிர்பெட்டி. ஐஸ் கட்டிப் பெட்டியிலும் மண்தொட்டித் தண்ணீரிலும் பாட்டிலை வைத்து விற்ற காலத்தில் எல்லாப் பானத்துக்கும் ஒரே குளிர்ச்சி. மின்சாரக் குளிர்பெட்டி வந்தபோது குளிர்ச்சிக்கு உரிமையாளர் வந்துவிட்டார். பின்னர் பெட் பாட்டில் பரவியது சிறு நிறுவனங்களுக்கு ஒரு மூச்சைத் தந்தது. காலி பாட்டில் திரும்பி வரவேண்டிய கட்டாயம் நீங்கியதால் குறைந்த முதலீட்டில் அதிக தூரம் போக முடிந்தது. சென்னைப் புறநகரில் பவண்டோவை மறுபடியும் எளிதாகப் பார்க்க முடிந்ததில் இதற்கும் பங்குண்டு. (அந்த பாட்டில்கள் கூவத்தில் மிதப்பது தனிக் கட்டுரைக்குரியது.)

இனி 'இயற்கை' என்ற சொல்லுக்கு வருவோம். பன்னாட்டுக் கோலா ரசாயனம், நம் ஊர்ப் பானம் பழச்சாறு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. எல்லாக் கோலாவிலும் பெரும்பகுதி சர்க்கரை கரைத்த தண்ணீர், கரியமில வாயு, அமிலம், நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை வகை. சுவையூட்டி என்பது அளவில் மிகச் சிறியது. அந்தச் சுவையூட்டி பழத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதா, ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டதா என்பதை நம் விதிகள் லேபிளில் சொல்லச் சொல்கின்றன, அது நல்லது. ஆனால், ஒரு பானத்தையே 'இயற்கையானது' என்று விளம்பரம் செய்ய முடியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி, எதுவும் சேர்க்கப்படாத தனி உணவுப் பொருளுக்கே அந்தச் சொல் பொருந்தும். பல பொருள்கள் கலந்த உணவை, எல்லாப் பொருள்களும் அந்தத் தகுதியைப் பெற்றிருந்தால், 'இயற்கைப் பொருள்களிலிருந்து செய்யப்பட்டது' என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவே.

உடலுக்குத் தெரிவது சர்க்கரையின் அளவு மட்டும். 200 மி.லி. கோலாவில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கப்பட்ட சர்க்கரையை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், இயன்றால் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இந்தியரில் 11.4 விழுக்காட்டினர் நீரிழிவு உள்ளவர்கள் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. இதில் சூத்திரம் விருதுநகரிலிருந்து வந்ததா, அட்லாண்டாவிலிருந்து வந்ததா என்பது கணையத்துக்குத் தெரியாது. எனவே, பவண்டோவுக்காக நான் பேசுவது அது ஆரோக்கிய பானம் என்பதால் அன்று. ஒரு தின்பண்டமாக, ஒரு தொழிலாக, அதற்கு நியாயமான போட்டிக்களம் வேண்டும் என்பதற்காக.

அந்தக் களம் எப்படிப்பட்டது என்பதற்கு 2017 ஓர் அரிய சோதனையாக அமைந்தது. அந்த ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்களிடமிருந்து எழுந்த குரல்களில் ஒன்று, பன்னாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணிப்போம் என்பது. தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் வணிகர் சங்கங்களின் பேரவையும் மார்ச் 1 முதல் பெப்சியையும் கோகோ கோலாவையும் விற்பதில்லை என்று அறிவித்தன. தாமிரபரணித் தண்ணீரை கங்கைகொண்டான் ஆலைகளுக்கு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முந்தைய நவம்பரில் இடைக்காலத் தடை விதித்திருந்ததும் உணர்வைக் கூட்டியிருந்தது. புறக்கணிப்பு தொடங்கிய மறுநாளே, மார்ச் 2 அன்று, அந்தத் தடை நீங்கியது.

பவண்டோவுக்குத் தேவை சட்டென்று எகிறியது. கேட்ட இடமெல்லாம் அனுப்பச் சரக்கு போதவில்லை. ஒரு கோடைக்காக யாரும் புது ஆலை கட்டமாட்டார்கள். அந்த ஆர்வம் அடுத்த ஆண்டும் இருக்குமா என்பதற்கு உறுதியில்லை. கடைக்காரருக்கோ வேறு சங்கடம். பன்னாட்டுப் பானத்தை விற்கமாட்டேன் என்றால், குளிர்பெட்டியை என்ன செய்வது? சங்கத்துக்குக் கட்டுப்பட்டுச் சில வாரங்கள் தாக்குப்பிடித்தவர்களும் வெயில் ஏறியபோது பழைய சரக்குக்குத் திரும்பினர். வாடிக்கையாளர் உணர்வு மாறியதால் அந்தப் புறக்கணிப்பு தளர்ந்தது என்று எழுதியவர்கள் உண்டு. கடைக்குள் நின்று பார்த்தால், தளர்ந்தது சரக்கும் குளிர்ச்சியும் கிடைக்காததால்தான். அப்போது எழுந்த உணர்வை, அவரவர் பானத்துக்குப் பெட்டியில் ஓர் அடுக்கு என்ற சாதாரணக் கோரிக்கையாக யாரும் மாற்றவில்லை.

இப்போது களம் மீண்டும் மாறியிருக்கிறது. கேம்பா பெயரை 2022இல் வாங்கிய ரிலையன்ஸ் குழுமம் 2023 மார்ச்சில் அதை மறுபடியும் சந்தைக்குக் கொண்டுவந்தது. 200 மி.லி. பத்து ரூபாய். அதற்கு ஈடுகொடுக்கப் பன்னாட்டு நிறுவனங்களும் பத்து ரூபாய் பாட்டில்களை இறக்கின. 2024 டிசம்பரில் கோகோ கோலா தன் இந்திய ஆலை நிறுவனத்தில் 40 விழுக்காட்டை ஜூபிலண்ட் பார்தியா குழுமத்துக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. ஆக, எது சுதேசி, எது விதேசி என்ற பழைய கோடு மங்கிவிட்டது. நாட்டின் மிகப் பெரிய தனியார் குழுமங்களுள் ஒன்று 'இந்தியப் பானம்' என்ற கொடியை ஏந்தி வரும்போது, வட்டார நிறுவனத்துக்கு அதனால் வரும் நெருக்கடி அந்நியப் போட்டியைவிடக் குறைவானதன்று.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி நினைவுக்கு வருகிறது. அதற்கு எதிராக ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசப் பயணமும் கையில் ஒரு குடையும் தர முன்வந்தது. இன்றைய பத்து ரூபாய் விலையை அதோடு ஒப்பிடுவது மிகை. குறைந்த விலை நுகர்வோருக்கு நன்மையே, அதைச் சட்டம் தடுக்கவும் கூடாது. ஆனால், விலைப்போரில் யாருடைய பை ஆழமானது என்பது முக்கியம். பல தொழில்களின் லாபத்தைக் கொண்டு ஒரு பானத்தின் நட்டத்தைப் பல ஆண்டுகள் தாங்குபவருக்கும், பானம் விற்றுத்தான் அடுத்த மாதச் சர்க்கரை வாங்க வேண்டும் என்பவருக்கும் பத்து ரூபாய் ஒரே பத்து ரூபாயல்ல.

விலையைக் கட்டுப்படுத்தாமலேயே அரசு செய்யக்கூடியவை உண்டு. முதலாவது, குளிர்பெட்டி. ஐரோப்பிய ஆணையம் 2005இல் கோகோ கோலாவிடமிருந்து சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதிமொழி ஒன்றைப் பெற்றது. கடையில் வேறு குளிர்பெட்டி இல்லையென்றால், அந்நிறுவனம் இலவசமாகக் கொடுத்த பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் கடைக்காரர் தம் விருப்பப்படி எந்தப் பானத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் ஒரு கூறு. பெட்டியின் உரிமை பறிக்கப்படவில்லை, முதலீடும் வீணாகவில்லை. நம் போட்டிச் சட்டம், 2002இன் பிரிவு 3(4) பிரத்தியேக விற்பனை ஒப்பந்தங்களைக் கேள்வி கேட்க இடம்தருகிறது. திரையரங்க வளாகத்தில் ஒரே நிறுவனத்தின் பானம் மட்டும் விற்கப்படுவது குறித்து வந்த புகாரைப் போட்டி ஆணையம் 2011இல் ஏற்கவில்லை என்பது உண்மை. ஆனால், திரையரங்கில் இடைவேளைக்கு வருபவரின் நிலையும், ஒரு தெருவின் எல்லாக் கடைகளிலும் குளிர்ச்சி இருவர், மூவர் கையில் இருக்கும் நிலையும் ஒன்றல்ல.

இரண்டாவது, வரி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில், பொதுவெளியில் இது அதிகம் பேசப்படவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இனிப்போ சுவையோ சேர்த்த, வாயு ஏற்றிய பானங்களுக்கு 28 விழுக்காடு வரியும் 12 விழுக்காடு கூடுதல் தீர்வையும் விதிக்கப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் தீர்வை நீங்கி, வரியே 40 விழுக்காடானது. மொத்தச் சுமையில் மாற்றமில்லை. 'இனிப்போ சுவையோ' என்பதைக் கவனிக்க வேண்டும். சர்க்கரையே இல்லாமல் சுவை மட்டும் சேர்த்தாலும் 40 விழுக்காடுதான். பழச்சாறு கலந்திருந்தாலும், வாயு ஏற்றியதென்றால் 40. கோலாக்களில் 5 விழுக்காடாவது பழச்சாறு கலந்தால் உழவர்களுக்கு நன்மை என்று 2014 செப்டம்பரில் தும்கூரில் பிரதமர் நரேந்திர மோடி சொன்னார். அதைக் கேட்டுச் சாறு கலந்தவர்களுக்கு வரியில் ஒரு விழுக்காடு சலுகைகூட இன்றில்லை. அதேநேரம், வாயு ஏற்றாத மாம்பழ பானத்துக்கு வரி 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அதில் சர்க்கரை கோலாவுக்கு ஈடாகவே இருக்கிறது.

பத்து ரூபாய் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆலை முதல் கடை வரை அனைவரும் வரிவலைக்குள் இருப்பதாகக் கொண்டால், வாயு ஏற்றிய பானத்தில் 2 ரூபாய் 86 காசு வரி. மாம்பழ பானத்தில் 48 காசு. முன்னதில் மிஞ்சும் 7 ரூபாய் 14 காசில் பாட்டில், மூடி, சர்க்கரை, மின்சாரம், லாரி வாடகை, ஏஜென்சி கமிஷன், கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். நாடு முழுவதும் மாம்பழ பானமும் தண்ணீரும் கோலாவும் சேர்த்து விற்கும் நிறுவனம் ஒன்றில் இழந்ததை மற்றொன்றில் ஈடுசெய்யும். வாயு ஏற்றிய பானமே தொழிலின் முதுகெலும்பாக உள்ள வட்டார நிறுவனத்துக்கு அந்த வழியில்லை.

இன்னும் சிறியவர்களின் நிலை மோசம். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்கு உட்பட்ட சிறு உற்பத்தியாளர்கள் விற்றுமுதலில் ஒரு விழுக்காடு மட்டும் கட்டிவிட்டுப் போகும் இணக்கவரித் திட்டம் ஒன்று உண்டு. 2019 அக்டோபர் முதல் இந்த வகைப் பானம் தயாரிப்பவர்கள் அதிலிருந்து விலக்கப்பட்டனர். பன்னீர் சோடா செய்யும் நான்கு பேர் பட்டறையும் பான்மசாலா தொழிற்சாலையும் ஒரே பட்டியலில் சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், கோலி சோடாவை 'கோலி பாப் சோடா' என்று பெயரிட்டு அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் வளைகுடாவுக்கும் ஏற்றுமதி செய்வதை 2025இல் மத்திய வர்த்தக அமைச்சகம் பெருமையோடு அறிவித்தது.

வரியின் நோக்கம் சர்க்கரை நுகர்வைக் குறைப்பது என்றால், வரி சர்க்கரைமீது இருக்க வேண்டும், வாயுமீது அன்று. பிரிட்டன் 2018 ஏப்ரல் முதல் இதைச் செய்துவருகிறது. 100 மி.லி.க்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ஒரு வீதம், 8 கிராமுக்கு மேல் என்றால் கூடுதல் வீதம் என்று தொடங்கியது. வரி நடைமுறைக்கு வரும் முன்பே பல நிறுவனங்கள் தம் பானங்களில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. அதே முறை இங்கு வந்தால், சர்க்கரையைப் பாதியாக்கிப் பழச்சாற்றைக் கூட்டும் ஒரு தமிழ்நாட்டு நிறுவனத்துக்கு அதற்கான பலன் விலையிலேயே கிடைக்கும். இப்போதைய வரியில் அப்படிச் செய்பவருக்குச் செலவு மட்டுமே கூடும்.

ஜி.எஸ்.டி. மன்றத்தில் வாக்கு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுடையது. சிறு பான உற்பத்தியாளர்களை இணக்கவரித் திட்டத்தில் மீண்டும் சேர்ப்பதையும், வாயுவைவிட்டுச் சர்க்கரையை அளவுகோலாக்குவதையும் தமிழ்நாடு அங்கே முன்வைக்கலாம். குளிர்பெட்டிக்கு மாநில அரசும் தேவையில்லை. போட்டிச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி எந்த வணிகர் சங்கமும் ஆணையத்திடம் தகவல் மனு கொடுக்க முடியும். 2017 மார்ச்சில் மாநிலம் முழுவதும் கடைகளில் ஒரு முடிவை அறிவிக்க முடிந்த அமைப்புகளுக்கு, அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கடைக்காரர்கள் கையெழுத்திட்ட குளிர்பெட்டி ஒப்பந்தங்களின் நகல்களைத் திரட்டி அந்த மனுவோடு இணைப்பது பெரிய வேலையாக இருக்காது.